தண்ணீர் வடிந்த பிறகு செல்ஃப் அடிக்காதீர்கள்

[காட்சி: ஜாபர்கான்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவர். நெஞ்சளவு உயரத்தில் பழுப்புக் கோடு.]

இந்தக் கோடு 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் அடையாறு வந்து நின்ற இடம். அதன் பிறகு இரண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று. இருந்தும் ஒவ்வொரு மழைக்கும் லேசாக எட்டிப் பார்க்கிறது. சுவருக்கு உள்பக்கம், போர்ட்டிகோவில், பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றிருந்தது. 1970-ஆம் வருஷத்து வண்டி, நான்கு கதவு, கிரீம் கலர். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. அந்தத் தொழிற்சாலையே மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் இப்படி ஒரு வண்டி போனால் போனதுதான், ஷோரூமில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

வெள்ளத்தில் வீடும் பழைய வண்டியும் சேர்ந்து மாட்டினால் என்ன ஆகும், எதைக் காப்பாற்றலாம், இன்ஷூரன்ஸ் எதற்குப் பணம் தரும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் நெருப்பிலிருந்து வருகிறேன்.

[காட்சி: எரிந்து போன தெருவின் வரைபடம். நடுவில் ஒரு நீல வேன்.]

2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் பிடித்த பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீ இரண்டிலும் 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. அவற்றின் கராஜ்களில் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பழைய கார்களும் இருந்தன. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வீடு எரிகிற சூடு அதைத் தாராளமாகத் தாண்டும். வீல், கார்புரேட்டர் எல்லாம் உருகி, தரையில் வெள்ளிக் குட்டை மாதிரி ஓடி உறைந்து கிடக்கும். மிஞ்சுவது இரும்புக்கூடு மட்டும். மாலிபுவில் சுற்றிலும் வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, 1977 மாடல் ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று மட்டும் நீல நிறம் மாறாமல் நின்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உலகமே அதைப் பார்த்து வாய் பிளந்ததற்குக் காரணம், நெருப்பு வந்த இடத்தில் பொதுவாக எதுவும் அப்படி நிற்காது என்பதுதான்.

நம்ம ஊர்த் தண்ணீரின் குணம் வேறு. வண்டியை அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கழுவினால் சரியாகிவிடும் போலத்தான் இருக்கும். என் கணக்கில், சென்னையில் பழைய வண்டிகள் வெள்ளத்தில் செத்ததைவிட, வடிந்த பிறகு நாம் காட்டிய அவசரத்தில் செத்ததுதான் அதிகம்.

அந்த டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே ஆறு ஓடியது. எங்கள் தெருவில் ராத்திரி முழங்கால் அளவு இருந்தது விடிவதற்குள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. பெரியப்பா மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே பீரோவும் பிரிட்ஜும் மிதந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன்டா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் பயத்தில் அர்த்தம் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டபடி வண்டி ஊறினால், பிரேக் லைனிங் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கிற வண்டியை கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் புது பேட்டரியோடு வந்தார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். மாட்டினார், செல்ஃப் அடித்தார். டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

[காட்சி: சிலிண்டரின் குறுக்குவெட்டுப் படம். பிஸ்டன் மேலே ஏறுகிறது.]

அந்த டொக் என்ன? பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டரில் இருக்கிற காற்றை அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே ஏற இடமில்லாமல் பிஸ்டன் முட்டி நிற்க, கீழே சுழல்கிற கிராங்க் தண்டு தொடர்ந்து தள்ள, நடுவில் இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹெரால்டில் இரண்டு ராடு வளைந்தது. சாவியைத் திருப்பிய ஒரு விநாடி வேலை.

செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில் எல்லாக் கோணத்திலும் போட்டோ, சுவரில் தண்ணீர் ஏறிய கோடும் தெரிகிற மாதிரி. அப்புறம் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். வந்து முடிந்ததும் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின்பக்க டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயிலை இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் டேங்கையும் காலி செய்ய வேண்டும்.

சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவுவது இதைவிட முக்கியம். மேல்பக்கத்தை எல்லோரும் கழுவுவார்கள். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், உள்ளே குழல் மாதிரி இருக்கும், அதற்குள் போன சேற்றை யாரும் நினைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து உள்ளிருந்தே துரு தின்று வெளியே வரும். ஹெரால்டில் பானெட்டும் முன்பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாயும், எஞ்சினைச் சுற்றிக் கை நன்றாகப் போகும். பெரியப்பா தோட்டத்து ஹோஸ் பைப்பை சேசிஸ் ஓட்டையில் விட்டுவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் பழுப்பாகவே வந்தது.

இனி பணம். அந்த வண்டிக்கு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கானது, மட்டும்தான் இருந்தது. வெள்ளச் சேதத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழு பாலிசி எடுத்திருந்தாலும் கேள்வி, எவ்வளவு தொகைக்கு என்பது. ஐந்து வருஷம் வரை வண்டி மதிப்பைக் குறைக்க ஒரு அட்டவணை உண்டு. அதற்கு மேல் வயதானால் கம்பெனியும் நீங்களும் பேசி முடிக்கிற தொகைதான். பேசாமல் கையெழுத்துப் போட்டால் பழைய இரும்பு விலையில் போய் நிற்கும். அதனால் மதிப்பீட்டுச் சான்றும், செலவு செய்த பில்லும், போட்டோவும் வைத்துக்கொண்டு பேசுங்கள். வின்டேஜ் வண்டிக்கு, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு பாலிசி உண்டு. ஆனால் மோட்டார் இன்ஷூரன்ஸுக்கான பழைய தாரிஃப் விதியில் வின்டேஜ் என்பது 1940-க்குள் தயாரானது. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியிலோ 50 வயது தாண்டினாலே போதும். ஹெரால்டு ஒரு காகிதத்தில் வின்டேஜ், இன்னொன்றில் வெறும் கிழவண்டி.

அந்த 2021 விதியில் ஒரு நிபந்தனை: சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 2015-ல் வேறு எஞ்சினே இறக்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். பெரியப்பா கேட்கவில்லை. ஆர்சி புக்கில் இருக்கிற அதே நம்பர் உள்ள எஞ்சின் பிளாக்கை வைத்துக்கொண்டு, ராடுக்காகப் பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் நான்கு மாதம் அலைந்தார். அன்றைக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

வீட்டு விஷயம் சுருக்கமாக. 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வீட்டு பாலிசி இருக்கிறது, வெள்ளமும் தீயும் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, சாமான்களும் தானாகச் சேரும். கார் மட்டும் சேராது. போர்ட்டிகோவிலேயே குடியிருந்தாலும் அது வீட்டுச் சாமான் கணக்கில் வராது, அதற்குத் தனி பாலிசிதான். பத்திரம் நனைந்து போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆல்பம் போனால் எங்கேயும் நகல் கிடையாது, இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

[காட்சி: வேளச்சேரி மேம்பாலம். ஓரமாக வரிசையாகக் கார்கள்.]

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் இப்படித்தான் வரிசை கட்டினார்கள். சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போனதைப் பார்த்தோமே. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஹெரால்டு இப்போது ஆயுத பூஜை முடிந்த கையோடு பரங்கிமலைக்குப் போய்விடும். அத்தை வீடு அங்கே மேட்டில் இருக்கிறது. பொங்கலுக்குத்தான் திரும்பும். வாடகை என்று அத்தை ஒன்றும் கேட்பதில்லை, பெரியப்பாவாக ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிப் போவார். இறக்கிவிட்டு வரும்போது மறக்காமல் இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பார், ஹேண்ட் பிரேக் எடுத்துவிட்டோமா என்று.