மோதிரத்தை அவளே தெரிவு செய்யட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, கல்லடியில் கூடியிருக்கும் என் மட்டக்களப்புச் சனங்களே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விசயத்துக்கு வருகிறேன்.

கல்யாண நாளுக்கு வாங்கும் வைர மோதிரத்தைக் கணவன் ரகசியமாகத் தெரிவு செய்வது சிறப்பா, மனைவி தெரிவு செய்வது சிறப்பா? மனைவிதான் என்கிறது எங்கள் அணி. அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மாமிக்கு வைர மோதிரம் கொடுக்க ஆசைப்பட்டார். நல்ல மனிசன், நல்ல ஆசை. ஆனால் மாமிக்குத் தெரியக்கூடாதாம். அப்படியென்றால் விரல் அளவுக்கு என்ன செய்வது? மார்கழி மாதம், மாரி மழை, விடியப்புறம் நாலு மணி. மாமி நல்ல நித்திரை. மாமா தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, மாமியின் விரலில் சுற்றினார். மாமி ஒரு பக்கம் புரண்டார். மாமா கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்! புரண்ட மாமி திரும்பவும் குறட்டை விடும்வரைக்கும் அங்கேயே கிடந்தார். பிறகு எழும்பி, நூலை வெட்டி, கடதாசியில் மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். அந்த நூலை மறந்துவிடாதீர்கள் சபையோரே, அது திரும்பவும் வரும்.

கடைக்குப் போனார். இருந்ததிலேயே பெரிய பளபளப்பு, சுற்றிவரக் கல் பதித்த மோதிரம். வாங்கிவிட்டார். கல்யாண நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள். மகன் டோகாவிலிருந்து வீடியோவில். மாமா மோதிரத்தை எடுத்து மாட்டுகிறார். மோதிரம் விரல் மொளி வரைக்கும் போனது. நின்றது. குளிரில் விரல் சுருங்கியிருக்கும், மொளி விரலடியை விடப் பருத்திருக்கும். இது ரெண்டும் நூலுக்குத் தெரியுமா? சவர்க்காரம் வந்தது, தேங்காய் எண்ணெய் வந்தது, "அமத்துங்க, அமத்துங்க" என்று மகன் டோகாவிலிருந்து கத்துகிறான். அமத்தியதில் மோதிரம் மொளியைத் தாண்டிப் போய்விட்டது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை! விரல் வீங்கி, மாமி அழுது, கடைசியில் பக்கத்து வீட்டு நேர்ஸ் அக்கா ஓடிவந்தார். வந்து என்ன கேட்டார் தெரியுமா? "மாமி, வீட்டில தையல் நூல் இருக்கா?" விரலை நூலால் இறுக்கிச் சுற்றி, மெல்ல மெல்லக் கழற்றினார். நடுவர் அவர்களே, நூலால் அளந்த மோதிரத்தை நூலால்தான் கழற்ற வேண்டியிருந்தது!

பெருப்பிக்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோனால், சுற்றிவரக் கல் இருப்பதால் வெட்டி ஒட்ட இடமில்லை என்றுவிட்டார் கடைக்காரர். பாதி வட்டம் மட்டும் கல் வைத்ததென்றால் கீழ்ப்பக்கத்தில் வெட்டிப் பெருப்பிக்கலாம். மாமி கூடப் போயிருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிப் பார்த்திருப்பார். தேங்காய் துருவும் கைக்குக் கல் உயர்ந்து நிற்கக்கூடாது, தங்க விளிம்புக்குள் பதிந்து இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பார். வைரத்தை இன்னொரு வைரம்தான் கீறும், ஆனால் ஒரு மூலையில் ஓங்கி அடித்தால் பிளக்கும். அதனால் பதிக்கும் விதம் முக்கியம். 22 கரட் தங்கம் மெதுமையானது, அதனால்தான் வைரத்தைப் பெரும்பாலும் 18 கரட்டில் பதிக்கிறார்கள். கல்லின் எடையில் ஒரு கரட் என்றால் 0.2 கிராம்தான். ஆண்கள் எடையைப் பார்த்து மயங்குகிறார்கள். கல் மின்னுவது வெட்டின் நேர்த்தியால். சான்றிதழைக் கேட்கவேண்டும், ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரமா என்றும் கேட்கவேண்டும். அதுவும் உண்மையான வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. இதையெல்லாம் கேட்க வெட்கப்படாதவர்கள் எங்கள் பெண்கள்.

சரி, எதிரணி அண்ணன் ஒரு குத்துக் குத்தினார். "மட்டக்களப்பில வீடும் அவளுக்கு, வளவும் அவளுக்கு, குலம் சொல்லும் குடியும் தாய் வழி. மோதிரத்தையாவது ஆம்பிளை தெரிவு செய்ய விடுங்க" என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணா, வீட்டு உறுதி எங்கள் பேரில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வந்து குடியேறுவதும் எங்கள் வீட்டில்தான். ஆனால் அந்த வீட்டில் குசினி எந்தப் பக்கம் என்று எந்தப் பெண்ணிடம் கேட்டீர்கள்? அப்பா சொன்னார், மேசன் கட்டினார். தாலி எத்தனை பவுண் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கூறைச் சேலையின் நிறத்தை மாப்பிள்ளை வீட்டார் தெரிவு செய்தார்கள். மாப்பிள்ளையை? அதை நான் சொல்லவில்லை, இங்கே இருக்கும் பெரியம்மாமார் சொல்வார்கள். எல்லாம் அவளுக்கு என்கிறீர்களே, அதில் ஒன்றையாவது அவள் கை நீட்டி "இது" என்று காட்டினாளா? பரிசு என்றால் ரகசியம் வேண்டும் என்கிறார் அண்ணன். ரகசியத்தில் சந்தோசம் கொடுக்கிறவருக்கு. மாட்டிக்கொண்டு திரியப்போவது அவள் அல்லவா?

அந்த மாமியிடம் பிறகொரு நாள் கேட்டேன். "உங்களைக் கேட்டிருந்தா எதை மாமி எடுத்திருப்பீங்க?" யோசிக்கவே இல்லை. "மெல்லிசா ஒரு வளையம், ஒரே ஒரு வெள்ளைக்கல். எங்க அம்மாட கையில இருந்த மாதிரி" என்றார். 2004 மார்கழி 26. கடல் என்ன கொண்டுபோனது என்று இந்தக் கல்லடியில் நான் சொல்லவேண்டியதில்லை. அம்மாவும் போனார், அந்தக் கையும் போனது, மோதிரமும் போனது. அது வைரமா என்றுகூட மாமிக்குத் தெரியாது. மாத்தறை வைரம் என்று அந்தக் காலத்தில் விற்ற சேர்க்கோன் கல்லாகவும் இருக்கலாம். "வைரமா இல்லாட்டியும் பரவாயில்ல புள்ள, அந்த மாதிரி இருந்தாப் போதும்" என்றார். மாமா நல்லவர். மாமிக்காக உயிரையும் கொடுப்பார். ஆனால் இந்த ஒன்றை அவர் அறியவே இல்லை, ஏனென்றால் அவர் கேட்கவில்லை.

எங்கள் அம்மாமார் காதில் கழுத்தில் இருந்ததை அடைவு வைத்து எங்களைப் படிப்பித்தார்கள். அப்போது எதைக் கழற்றுவது என்று மட்டும்தான் அவர்கள் தெரிவு செய்தார்கள்.

அண்ணன்மாரே, அடுத்த கல்யாண நாளுக்கு முதல் ஒரு பின்னேரம் மனிசியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரையில் அவரை இருத்தி, எது விருப்பம் என்று கேளுங்கள். முதலில் விலையைத்தான் பார்ப்பார், "வேணாம்" என்பார். நீங்கள் அவசரப்படாமல் பக்கத்தில் நில்லுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.