ஒரு மாதத்தில் பிரெஞ்சு வந்துவிடுமா? பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்த கோபம்

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. கோபத்தோடுதான் கேமராவை எடுத்து வைத்திருக்கிறேன். காற்று இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் காற்று எப்படி அடிக்கும் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே உட்கார்ந்து பேசலாம் என்றால் ஆச்சி தொலைக்காட்சியை அலறவிட்டிருக்கிறாள்.

என் அக்காள் மகள், நம் பாப்பா, இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் புதிதாகப் பிரெஞ்சு தொடங்கியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அக்காளுக்கும் அத்தானுக்கும் வேலை, அதனால் நான் போனேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஒரு மாதமாகப் படிக்கிறாள், ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியவில்லையே டீச்சர், என்னதான் சொல்லித்தருகிறீர்கள்?" என்று கேட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்து, "எங்கே, இப்போது ஏதாவது பேசு பார்ப்போம்" என்றார். அத்தனை பேருக்கு முன்னால்! அந்தப் பிள்ளை சடை ரிப்பனின் நுனியை விரலில் சுற்றுகிறது, அவிழ்க்கிறது, மறுபடி சுற்றுகிறது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

நான் கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள், சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். அங்கே ஒன்றும் பேசவில்லை, அது அந்த டீச்சரின் இடம். இங்கே பேசுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று பீரியடு, ஒரு பீரியடு நாற்பது நிமிடம். ஆக, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு மாதத்துக்கு எட்டு மணி நேரம். ஒரு மொழியை எட்டு மணி நேரம் மட்டும் கேட்ட பிள்ளையிடம் பேச்சு கேட்கிறார்கள்! ஐரோப்பாவில் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஏ1-இல் தொடங்கி சி2 வரைக்கும். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் அது. அதில் முதல் படியான ஏ1-க்கே அறுபதிலிருந்து நூறு மணி நேரம் வரை பாடம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் படியில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? தன் பெயர், ஊர், வயது சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசினால் எளிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பள்ளியில் ஓர் ஆண்டு முழுக்கப் போனால்தான் அந்தப் படிக்கட்டில் கால் வைக்க முடியும்.

அதனால் முதல் சில மாதம் பிள்ளை பேசாது. கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். சொன்னது புரியும், பதில் சொல்ல வராது. பாப்பாவிடம் நான் பிரெஞ்சில் "ஜன்னலைத் திற" என்றால் எழுந்து போய்த் திறந்துவிடுகிறாள். அதையே நீ சொல் என்றால் விழிக்கிறாள். அது சோம்பேறித்தனம் இல்லை. காதுக்கு முதலில் வரும், வாய்க்குப் பிறகுதான் வரும். கைக்குழந்தை எத்தனை மாதம் கேட்டுவிட்டு "அம்மா" என்றது என்று பெற்றவர்களுக்கே தெரியுமே.

காது என்றதும் நினைவு வருகிறது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த சிடி விவகாரம்!

பள்ளியில் பிரெஞ்சுக்கென்று தனியாக ஒரு புத்தகக் கட்டு கொடுத்தார்கள். பாடப் புத்தகம், பயிற்சிப் புத்தகம், பின் அட்டை உறையில் ஒரு சிடி. மொத்தம் 1,650 ரூபாய். விலையைக் கேட்டு அக்காள் முகம் போன போக்கை விடுங்கள். உரையாடல், பாட்டு, உச்சரிப்புப் பயிற்சி எல்லாம் அந்த சிடியில்தான் இருக்கிறது. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் காது படம் போட்டு, "கேட்டுவிட்டு எழுது" என்று இருக்கிறது. எதில் கேட்பது? இன்றைக்கு யார் வீட்டில் சிடி போடும் பெட்டி இருக்கிறது? பாப்பாவிடம் விசாரித்தால், வகுப்பிலும் இதுவரை போடவில்லையாம். அங்கே இருக்கும் கணினியிலும் அதற்கு வழியில்லையாம். டீச்சர் குரலைத் தவிர வேறு எதிலும் அந்த மொழியைக் கேட்காமல் ஒரு மாதம் படித்திருக்கிறார்கள்! இது டீச்சர் குற்றமும் இல்லை. புத்தகம் வாங்க முடிவெடுத்தவர்கள் அட்டையைப் பார்த்தார்களே ஒழிய, பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

நான் விடவில்லை. தெருவில் கேட்டேன், கணினி பழுது பார்க்கிறவரிடம் கேட்டேன், இல்லை என்றார்கள். முருகன்குறிச்சிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் பழைய ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள அண்ணாச்சி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கணினியை இழுத்தார். தூசி தட்டினார். சிடியைப் போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ஒரு பெண் குரல் "போன்ஷூர்!" என்றது. கடையில் நான் கைதட்டியே விட்டேன். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கினார். இருபதே ரூபாய்! வகுப்பில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் சிடியையும் அங்கே எடுத்துப் போங்கள். காலையில் பத்தரைக்கு மேல் போனால்தான் கடை திறந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அதைக் கேட்கத் தொடங்கியதும் பாப்பா அழாத குறை. "சித்தி, எல்லாம் ஒரே சொல்லாகக் கேட்கிறது" என்கிறாள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். நம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "முருகன்குறிச்சிவண்ணார்பேட்டைஜங்ஷன்டவுன்" என்று ஒரே மூச்சில் விடுவாரே, வெளியூர்க்காரருக்கு அதில் எது ஊர், எது பெயர் என்று தெரியுமா? நமக்குத் தனித்தனியாகக் கேட்கிறது, ஏனென்றால் ஊர் தெரியும். பிரெஞ்சில் அது இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு சொல்லின் கடைசியில் வாயே திறக்காத மெய்யெழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் சில இடங்களில் எழுந்து வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஊமை எழுத்துகள் வேறு. ஊர்ப் பெயரான "பாரிஸ்" என்பதையே அவர்கள் "பாரி" என்றுதான் சொல்கிறார்கள். எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே வாசித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எரிச்சல் தரும். "சொல்லாத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?" என்று பாப்பா சண்டைக்கு வருகிறாள். எழுத்தின் தலையில் போடும் சாய்கோடுகளும் அப்படியே. விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போகும். இதற்கு நான் பாப்பாவிடம், "'க' மேல் புள்ளி வைக்காமல் விட்டால் உன் தமிழம்மா விடுவார்களா?" என்று கேட்டேன். அதன்பிறகு ஒரு கோடும் விடுவதில்லை.

இனி ஒலி. பிரெஞ்சில் ஓர் உயிரொலி இருக்கிறது, தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. கண்ணாடி முன் நில்லுங்கள். "ஈ" என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் "ஊ" சொல்வது போலக் குவியுங்கள். வந்ததா? அதுதான். தெருப்பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று உதட்டைக் குவித்ததைப் பார்த்து எதிர்வீட்டு மதினி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். தொண்டையிலிருந்து வரும் "ர" இன்னொரு பாடு, அது மெதுவாக வரட்டும்.

ஆனால் ஒன்று தெரியுமா, மூக்கொலி நமக்கு எளிது. பிரெஞ்சுக்கு மூக்கால் பேச வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். நாம் "மரம்" என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசியில் உதட்டை மூடுகிறோமா? இல்லை. மூக்கோடு விட்டுவிடுகிறோம். நாள் முழுக்க அதைச் செய்கிற பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதை எடுத்துச் சொன்னால் போதும். அதேபோல "நீ", "நீங்கள்" வித்தியாசம் பிரெஞ்சிலும் இருக்கிறது. பன்மைக்கு வரும் சொல்லையே மரியாதைக்கும் வைக்கிறார்கள், நம்மைப் போலவே. வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதும் அப்படித்தான். "வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது" என்று மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளைக்கு பிரெஞ்சு வினை வாய்பாடு ஒரு பொருட்டா? ஆங்கிலம் வழியாகவே எல்லாவற்றையும் விளக்குவதால்தான் அது மலையாகத் தெரிகிறது. தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கஷ்டம் எங்கே என்றால் பால். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, பேச்சு முடிந்தது. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், நாற்காலி பெண்பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. சொல்லைப் படிக்கும்போதே, அது ஆண்பாலா பெண்பாலா என்று காட்ட அதன் முன்னால் வரும் சிறுசொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும், பிரித்துப் படித்தால் பின்னால் ஆண்டுக்கணக்கில் தடுமாற வேண்டியிருக்கும்.

எண்ணைச் சொல்ல விட்டுவிட்டேன். அறுபது வரை ஒழுங்காகப் போகும். எழுபது என்பது அறுபது-பத்து. எண்பது, நான்கு இருபது. தொண்ணூறு, நான்கு இருபது-பத்து. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், ஆனால் பரீட்சையில் கேட்பது பிரான்சு நாட்டுக் கணக்கு. பாப்பா இதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டு ஆச்சியின் வயதை பிரெஞ்சில் சொன்னாள். ஆச்சிக்கு எண்பத்தி மூன்று. நான்கு இருபது-மூன்று! வீடே கொண்டாடியது.

எனக்கு அறவே பிடிக்காத ஒன்று, பிரெஞ்சுச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைப்பது. முதல் வாரம் பரவாயில்லை. பிறகு அழித்துவிட வேண்டும். கண் அந்தத் தமிழை மட்டுமே பார்க்கும், கீழே உள்ள சொல்லைப் பார்க்கவே பார்க்காது. பாப்பாவின் புத்தகத்தில் நானே ரப்பர் எடுத்து உட்கார்ந்தேன். கோபித்துக்கொண்டாள், சாப்பாட்டுக்குப் பிறகு சரியாகிவிட்டாள்.

மறதிக்கும் திட்டாதீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் எழுதி வைத்தார். படித்த முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் அதிகம் போகிறது, அப்புறம் வேகம் குறைகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதை நிறுத்துங்கள். அன்றைய பாடத்தை அன்றைக்கே பத்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம், சில நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், மனதுக்குள் வாசிப்பது கணக்கில் வராது.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சு எடுக்கிறவர்கள் நிறைய. கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து தொண்ணூற்றைந்து வாங்கிவிடலாம், ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்தால் வணக்கத்துக்கு மேல் நகராது. மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் அட்டையைக் காட்டி, மொழி வந்துவிட்டது என்று பிள்ளையையும் நம்பவைக்காதீர்கள்.

போன கோடையில் இடையன்குடி போன வீடியோ போட்டேனே, கால்டுவெல் வாழ்ந்த வீடு. அவர் வெளிநாட்டிலிருந்து 1838-இல் சென்னைக்கு வந்து தமிழ் படிக்கத் தொடங்கிய பாதிரியார், 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். ஊருக்குள்ளேயே குடியிருந்து, காலையும் மாலையும் தமிழ் காதில் விழுந்துகொண்டிருந்தவருக்கே அத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த முன்வரிசை அப்பா இந்த வீடியோவைப் பார்த்தால் நன்றாக இருக்கும். உங்கள் மகள் நன்றாகவே படிக்கிறாள் அண்ணாச்சி. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவள் பாப்பாவிடம் மெதுவாக "ஓ ர்வுவார்" என்று சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டேன். போய்வருகிறேன் என்று. அந்த "ர" அருமையாக இருந்தது!

செங்கோட்டையிலிருந்து ஒரு தங்கை, தன் மகன் மலையாளம் படிக்கலாமா என்று கேட்டிருந்தாள். அது முழுக்க வேறு கதை, எழுத்து புதிது, காது பழையது. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். ஆச்சி கீழேயிருந்து கூப்பிடுகிறாள், வடை மாவு புளித்துவிடுமாம். பார்ப்போம் மக்களே.