இடைத்தேர்தலில் தோற்றால் ஆளுங்கட்சிக்கு என்ன ஆகும்? பேரணாம்பட்டு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

கேள்வியை அப்படியே படித்துவிடுகிறேன். பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார்: "அண்ணா, ஆளுங்கட்சி ஓர் இடைத்தேர்தலில் தோற்றால் ஒரு எம்.எல்.ஏ. குறைவார், அவ்வளவுதானே? ஆட்சி போகப் போவதில்லை. அப்புறம் ஏன் மறுநாளே நீக்கம், அவசரக் கூட்டம், திடீர் அறிவிப்பு என்று இவ்வளவு பதற்றம்? நம் மாவட்டத்து உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்."

நம் மாவட்டத்து உதாரணம் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு நம் வடாற்காட்டில், அதாவது பழைய வேலூர்ப் பக்கத்தில், பஞ்சமே இல்லை தம்பி. சொல்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சட்டமன்றத்தில் 234 இடம், ஆட்சிக்கு 118 வேண்டும். கையில் 150, 180 என்று வைத்திருக்கிற கட்சிக்கு ஓர் இடம் போனால் ஒன்றும் ஆகாது, அது நீங்கள் சொன்ன மாதிரிதான். 1973 மே மாதம் திண்டுக்கல்லில் நடந்தது மக்களவை இடைத்தேர்தல், அதனால் சட்டமன்றத்தில் திமுகவுக்கு ஒரு தலைகூடக் குறையவில்லை. 1971ல் 184 இடம் ஜெயித்து உட்கார்ந்திருந்த கட்சி அது. ஆனாலும் அந்த ஒரு முடிவைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம். ஏனென்றால் ஆளுங்கட்சி அதில் இரண்டாவதுகூட வரவில்லை, மூன்றாவது வந்தது. ஜெயித்தது, தொடங்கி ஏழு மாதமே ஆகியிருந்த எம்.ஜி.ஆரின் அதிமுக. இரண்டாவது வந்தது காமராஜரின் பழைய காங்கிரஸ்.

இப்போது பதற்றத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் உயிர் அதுதான். பொதுத்தேர்தலில் தோற்றால் பழி 234 தொகுதிக்கும் பிரிந்துபோகும், யார் சட்டையையும் பிடிக்க முடியாது. இடைத்தேர்தல் அப்படியில்லை. மொத்தக் கட்சியும் ஒரே ஊரில் வந்து முகாம் போடுகிறது. கல்யாண மண்டபம், லாட்ஜ் எல்லாம் புக் ஆகிவிடும். இந்த ஊராட்சிக்கு இந்த அமைச்சர், இந்த வார்டுக்கு அந்த மாவட்டச் செயலாளர், இந்தத் தெருவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒன்றியம் என்று பொறுப்பு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டு எண்ணி முடிந்த அன்று ராத்திரியே வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்கிற தாள் கட்சிக்காரர்கள் கைக்கு வந்துவிடும். மேஜை ஏஜென்ட்டுகள் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்த கணக்குதான், அதில் அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கும். அந்தத் தாளை முகாம் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், எந்தத் தெருவில் கவிழ்ந்தது, அந்தத் தெரு யாருடைய பொறுப்பு என்று பேரோடு தெரிந்துவிடும். 'நான் அந்தப் பக்கமே போகவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது, எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்! பணம் வாங்கிக்கொண்டு கொடுக்காமல் விட்டவன் யார், உள்ளடி வேலை பார்த்தவன் யார் என்கிற பேச்சு கிளம்புவது இங்கிருந்துதான். தோற்ற வேட்பாளரைவிட முகாம் போட்டவர்களுக்குத்தான் அன்றைக்கு வயிற்றில் புளி கரையும்.

சரி, அப்படிப் பழி போய் விழுகிறதா? பெரும்பாலும் விழ வேண்டிய இடத்தில் விழாது. 2017 டிசம்பர் ஆர்.கே.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தான தேர்தல், மறுபடி நடந்தது. ஜெயலலிதாவின் தொகுதி, இரட்டை இலை கையில் இருக்கிறது, ஆட்சி கையில் இருக்கிறது. அதிமுகவிலிருந்து ஒதுக்கப்பட்டு, பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். திமுகவுக்கு டெபாசிட் போனது, அது தனிக் கதை. முடிவு வந்தது 24ஆம் தேதி. அடுத்த நாளே அதிமுகவில் களையெடுப்பு. யாரை எடுத்தார்கள்? தங்க தமிழ்ச்செல்வன், வெற்றிவேல் என்று ஒரு பட்டியல், அதில் நம் வேலூர் கிழக்கு மாவட்டச் செயலாளர் பார்த்திபனும் உண்டு. அவர்கள் எல்லோரும் பல மாதம் முன்பே தினகரன் பக்கம் போய் நின்றவர்கள்! பார்த்திபன் சோளிங்கர் எம்.எல்.ஏ.வாக இருந்து செப்டம்பரிலேயே தகுதி நீக்கம் ஆனவர். ஆர்.கே.நகரில் ஓட்டுக் கேட்டுத் தோற்ற அமைச்சர்கள் யாருடைய பதவிக்கும் ஆபத்து வரவில்லை. போனவர்களை நீக்கி, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று காட்டுவது எல்லாக் கட்சியும் செய்கிற வேலைதான், ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை.

தினகரன் அன்றைக்கு மூன்று மாதத்தில் ஆட்சி கவிழும் என்றார். ஆளுங்கட்சிக்கு உள்ளேயே தனக்கு ஸ்லீப்பர் செல்கள், அதாவது மறைமுக ஆதரவாளர்கள், இருக்கிறார்கள் என்று முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், டீக்கடை வரைக்கும் அந்த வார்த்தை ஓடியது. ஆனால் யாரும் வரவில்லை. ஏன் என்றால் தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்கள் கண்ணெதிரே பதவி இழந்து நின்றுகொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் நம் பழைய வேலூர் மாவட்டம்: சோளிங்கர், குடியாத்தம், ஆம்பூர். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கைங்கரியம் இது. திண்டுக்கல் நடந்தபோது அந்தச் சட்டம் கிடையாது, மனசு மாறினால் எழுந்து அடுத்த பக்கம் போய் உட்காரலாம். இப்போது மனசு மாறினாலும் உடம்பு மாற முடியாது. அதனால் இடைத்தேர்தல் தோல்வியைப் பார்த்துப் பயந்த எம்.எல்.ஏ. கட்சி மாறுவதில்லை, தொகுதிப் பக்கம் போவதை நிறுத்துகிறார், அடுத்த முறை சீட்டு கிடைக்காது என்று முடிவு கட்டி இருக்கிற வரை பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிவிடுகிறார். ஆட்சிக்கு உண்மையான சேதம் இதுதான் என்பது என் கருத்து. வெளியே தெரியாது, தாலுகா ஆபீஸில் வேலை நடக்காதபோதுதான் நமக்குத் தெரியும்.

ஒரு இடைத்தேர்தல் ஆட்சியையே தீர்மானிக்கக்கூடிய கட்டமும் வந்தது, அதிலும் நாம் இருந்தோம். 2019ல் 22 தொகுதிக்கு இடைத்தேர்தல். அத்தனையும் போயிருந்தால் எடப்பாடி பழனிசாமி ஆட்சி இருந்திருக்காது. 13 திமுகவுக்கு, 9 அதிமுகவுக்கு. குடியாத்தமும் ஆம்பூரும் திமுகவுக்குப் போனது, சோளிங்கரை அதிமுக பிடித்தது. எண்ணிக்கையில் பார்த்தால் தோல்வி, ஆனால் அந்த 9 வந்ததால் 118ஐத் தாண்டியாகிவிட்டது, ஆட்சி நின்றது. அதே நாளில் மக்களவைக்கு எண்ணியதில் தேனி ஒன்றைத் தவிர எல்லாம் போயிருந்தது. ஜனங்கள் டெல்லிக்கு ஒரு மாதிரியும் கோட்டைக்கு ஒரு மாதிரியும் யோசித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் நம் வேலூர். வீடியோ பார்க்கிற பாதிப் பேர் அதற்கு ஓட்டுப் போட்டிருப்பீர்கள். பணம் பிடிபட்டது என்று ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஆம்பூர், குடியாத்தத்துக்காரர்கள் 18ஆம் தேதி போய் சட்டமன்றத்துக்கு மட்டும் பட்டனை அழுத்திவிட்டு வந்தார்கள், மறுபடி ஆகஸ்ட் 5 அன்று மக்களவைக்கு. சட்டப்படி அது இடைத்தேர்தல் இல்லை, தள்ளிப்போன தேர்தல். ஆனால் நடந்த விதம் முழுக்க இடைத்தேர்தல்தான், இரண்டு பக்கமும் மொத்தப் படையும் இங்கே முகாம். திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். இரட்டை இலையில் நின்றவர் ஏ.சி.சண்முகம். நோட்டாவுக்கு விழுந்தது அந்த வித்தியாசத்தைவிட அதிகம்!

இந்த முடிவைச் சட்டமன்றத் தொகுதி வாரியாகப் பிரித்துப் பார்த்தாலே நான் முன்பு சொன்ன தாளின் மகிமை புரியும். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றிலும் சண்முகம் முன்னணி. வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் கவிழ்த்துவிட்டன, அதிலும் வாணியம்பாடி ரொம்ப. வாணியம்பாடி அப்போது அதிமுக அமைச்சர் நிலோபர் கபில் தொகுதி. ஆனால் அவரையே குறை சொல்லி முடிக்க முடியாது. தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் மக்களவையில் அதிமுகவின் ஒரே எம்.பி. ரவீந்திரநாத் முத்தலாக் மசோதாவை ஆதரித்துப் பேசினார். சில நாளில் மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசியது. வாக்குப்பதிவு நடந்த அதே ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீர் 370 அறிவிப்பும் வந்தது. பள்ளிவாசல் தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வட்டச் செயலாளர் டெல்லியில் நடந்ததற்கு என்ன பதில் சொல்வார்? தோல்விக்குக் காரணம் டெல்லியில், கணக்குக் கேட்பது வாணியம்பாடியில். கீழே வேலை செய்கிறவனுக்கு இதைவிடக் கசப்பு வேறு இல்லை.

முடிவு வந்தது ஆகஸ்ட் 9. ஆறாவது நாள், சுதந்திர தினக் கொடியேற்றி முதல்வர் பேசும்போது வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்று அறிவித்தார்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். கே.வி.குப்பம் தனி வட்டம். தோற்றதால்தான் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கோரிக்கைக்கு வயது அதிகம், திருப்பத்தூர்க்காரர் ஒரு மனு கொடுக்க வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து போனால் அன்றைய பொழுது போய்விடும். ஆனால் அறிவிப்பு வந்த நேரத்தைப் பார்த்தால் 8,141 என்கிற எண் அந்த ஃபைலைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தியிருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை. மூன்று மாதத்தில், நவம்பர் 28 அன்று, புது மாவட்டங்கள் வந்தே விட்டன. அதற்கு நடுவில் அக்டோபரில் விக்கிரவாண்டி, நாங்குநேரி இரண்டையும் எதிர் அணியிடமிருந்து அதிமுக பிடித்தது. ஆகஸ்டில் துவண்ட கட்சி அக்டோபரில் வெடி வெடித்தது. தோல்விக்குப் பிறகு ஆளுங்கட்சிக்கு இருக்கிற ஒரே சௌகரியம் இது, அரசாணை போடுகிற பேனா கையில் இருக்கும்.

அப்படியானால் எந்தத் தோல்வி ஆபத்து, எது ஆபத்தில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திண்டுக்கல்லையும் ஆர்.கே.நகரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆளுங்கட்சியிலிருந்து வெளியேறியவர்தான் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தார். திண்டுக்கல்லில் ஜெயித்தவர்கள் அடுத்த வருஷம் கோவையில் ஜெயித்தார்கள், 1977ல் கோட்டைக்கே வந்துவிட்டார்கள். ஆர்.கே.நகரில் ஜெயித்தவர் 2021ல் கோவில்பட்டியில் தோற்றார், அவருடைய அமமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. முன்னதில் தொண்டன் கிளையோடு பெயர்ந்து போனான், ரசிகர் மன்றமே கட்சிக் கிளை ஆனது. பின்னதில் சின்னமும் ஆபீஸும் கிளைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒரு தொகுதியின் கோபம் மட்டும்தான் போனது. எத்தனை ஓட்டில் தோற்றோம் என்று பார்க்கிற தலைவர் பாதி பார்க்கிறார். தோற்ற ஊரில் நம் பழைய பூத் ஏஜென்ட் இன்னும் நம்மோடு இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

பயந்துபோய் அதிகமாகத் திருத்திக்கொள்வதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காமராஜர் முதல்வரானதும் சட்டமன்றத்துக்கு வந்தது எங்கிருந்து? 1954ல் நம் குடியாத்தம் இடைத்தேர்தல், அண்ணாவின் திமுகவே ஆதரவு கொடுத்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1963ல், அதே வடாற்காட்டில் அப்போது இருந்த திருவண்ணாமலை இடைத்தேர்தலில் ஆளும் காங்கிரஸை திமுகவின் ப.உ.சண்முகம் தோற்கடித்தார். அந்த வருஷமே வடக்கே அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் மூன்று மக்களவை இடைத்தேர்தலில் கிருபளானி, லோகியா, மசானி என்று நேருவைக் கடுமையாக எதிர்த்த மூன்று பேர் ஜெயித்தார்கள். கட்சி ஆடிப்போனது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று காமராஜர் திட்டம் வந்தது, அக்டோபர் 2 அன்று அவரே முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு காங்கிரஸுக்கு ஜனங்களிடம் இருந்த ஒரே பெரிய முகத்தைக் கோட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்தவத்சலம் வந்தார், 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது, 1967ல் ஆட்சி போனது, இன்றுவரை திரும்பவில்லை.

கடைசியாக ஒன்று, தம்பி கேட்கவில்லை, ஆனால் கமெண்டில் வேறு ஒருவர் கேட்டிருக்கிறார்: இடைத்தேர்தலில் ஜெயித்தால் அடுத்து ஜெயிப்பது உறுதியா? இல்லை. 2005 மே மாதம் காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இரண்டிலும் அதிமுக ஜெயித்தது, அடுத்த வருஷமே ஆட்சி இல்லை. 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் திமுக ஜெயித்தது, ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற முறையைத் திருமங்கலம் ஃபார்முலா என்று ஊரே பேசியது, 2010 பென்னாகரத்தில் அதிமுகவுக்கு டெபாசிட்டே போனது. 2011ல் அதே திமுக 23 இடம். எதிர்க்கட்சி அந்தஸ்துகூட விஜயகாந்த் கட்சிக்குப் போய்விட்டது.

அடுத்த கேள்வி ஆற்காட்டிலிருந்து, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் ஊராட்சிக்கு வர வேண்டிய பணம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். அது பெரிய பதில், அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.