சமைக்காத படம்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றிக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். ஆகவே ஒரு திருமண மண்டபத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை முகூர்த்தம். மேடைக்குப் பின்னால் அலங்கார விளக்குகள் ஊதாவாக எரிகின்றன. வீடியோ எடுப்பவரின் விளக்கு மஞ்சளாக அடிக்கிறது. வாசல் வழியே விடியலின் நீலம் கலந்த வெளிச்சம் உள்ளே வருகிறது. மணமகள் நல்ல கறுப்பு. அரக்குப் பட்டு உடுத்தியிருக்கிறாள். மணமகன் பட்டு வேட்டியில் அமர்ந்திருக்கிறான். மூன்று முடிச்சு விழுவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் திருமணப் புகைப்படக்காரனாக என் பிழைப்பு நடக்கிறது; கேமரா பதிவுசெய்யும் ரா (RAW) என்னும் படக் கோப்பின் அருமையை நான் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

ரா என்பது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அன்று. பச்சரிசி, பச்சைக் காய்கறி என்கிறோமே, அந்தப் பச்சை, அதாவது சமைக்காதது என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். எது சமைக்கப்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கேமராவுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒளியை உணரும் சில்லான சென்சாருக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளி எவ்வளவு என்று மட்டுமே அதனால் அளக்க முடியும். அதனால் அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நிற வடிகட்டியைப் பதித்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில், நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஆக ஒரு புள்ளிக்கு ஒரு நிறத்தின் அளவு மட்டுமே உண்மையில் பதிவாகிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் படக் கோப்பான ஜேபெக்கில் எடுத்தால் அந்தக் கணக்கைக் கேமராவே நொடியின் ஒரு பகுதிக்குள் போட்டு, எது வெள்ளை என்று முடிவு செய்து, நிறத்தை அடர்த்தியாக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கி, ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளுக்குள் அடக்கி, மிச்சத்தை வீசிவிடுகிறது. ராவில் எடுத்தால் சென்சார் அளந்த எண்கள் அப்படியே கோப்பில் தங்குகின்றன. ஒவ்வொரு அளவையும் 14 இரும இலக்கங்களில் எழுதும் 14 பிட் கேமராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள். எது வெள்ளை என்று தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் முதலாகக் கேமராவில் நாம் வைத்த தெரிவுகள் வெறும் குறிப்புகளாகவே உடன் வருகின்றன. அவற்றைப் பிறகு மாற்றலாம்.

இதன் பயனை அந்த அரக்குப் புடவையில் பார்க்கலாம். கேமராவின் திரையில் மடிப்பும் சுருக்கமும் மறைந்து, புடவை ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். இடது ஓரம் இருள், வலது ஓரம் உச்ச வெளிச்சம் என்று வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமும் சிவப்பு வலது ஓரத்தை முட்டிவிட்டதாகக் காட்டும். ஆனால் பகல் வெளிச்சத்தில் சென்சாரின் சிவப்புப் புள்ளிகள் பச்சையைவிடக் குறைவாகவே ஒளி பெறுகின்றன. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காகக் கேமரா அந்தச் சிவப்பு எண்களை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்குகிறது. பெருக்கிய பிறகுதான் அவை ஜேபெக்கின் எல்லையைத் தாண்டி, எல்லாம் ஒரே எண்ணாகிவிடுகின்றன. ஹிஸ்டோகிராமும் அந்த ஜேபெக்கிலிருந்து வரையப்படுவதால் அதே பொய்யைச் சொல்கிறது. பெருக்குவதற்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ரா கோப்பைக் கணினியில் லைட்ரூம் என்ற மென்பொருளிலோ, காசு கொடுக்காமல் கிடைக்கும் டார்க்டேபிளிலோ திறந்து வெளிச்சத்தைச் சற்றே இறக்கும்போது, முழங்காலருகே மடிந்த பட்டின் சுருக்கங்களும், கரையில் ஜரிகையின் ஒவ்வொரு இழையும் திரும்பி வருவதைக் காண்பது எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி.

ஆனால், ராவில் எடுத்தால் எந்தத் தவறையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இளைஞர்கள் பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. நிரம்பி வழிந்த குடத்தைப் பார்த்து எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாததைப் போல, சென்சாரே நிரம்பிய இடத்தில் மீட்பதற்கு எதுவும் இல்லை. இருட்டாக எடுத்துவிட்டு ஏற்றினாலும் தொல்லைதான். வெளிச்சம் இரட்டிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்டாப் என்போம். 16,384 படிகளில் பாதி, மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடுகிறது. அடுத்த ஸ்டாப்புக்கு அதில் பாதி. இப்படிக் குறைந்துகொண்டே போய், இருளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை இழுத்து ஏற்றினால் மணமகளின் கூந்தலில் மல்லிகையோடு புள்ளி புள்ளியாக, இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் கறைகளும் பூக்கும்.

தவறைத் திருத்துவதைவிட நிறத்தின் பொறுப்பு நம் கைக்கு வருவதையே ராவின் பெரிய கொடையாக நான் கருதுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஜேபெக்கில் எடுத்த ஒரு திருமணத்தின் ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் தாயார், "இது எங்க பொண்ணு கலர் இல்லீங்களே" என்று மெல்லச் சொன்னார். மஞ்சள் விளக்கைச் சமன் செய்ய முயன்ற கேமரா முகத்தைச் சாம்பலாக்கியிருந்தது. அதை மறைக்க நான் வெளுப்பை ஏற்றியிருந்தேன். எங்கள் தொழிலில் அன்று அது வழக்கம், இன்றும் வழக்கம். கறுப்பு முகத்தை வெளுத்துக் கொடுப்பதை வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தத் தாயின் குரலுக்குப் பிறகு அதைச் செய்ய மனம் வரவில்லை.

2015இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், தனக்குப் படம் அனுப்பும் வெளிப் புகைப்படக்காரர்கள் ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. விரைவும் உண்மைத்தன்மையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஜேபெக்கும் யாரோ சில பொறியாளர்கள் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுதான். செய்திப் படங்களுக்கான வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியிலோ, இறுதிச் சுற்றுக்கு வரும் படத்துக்குக் கேமராவில் பதிவான மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். மாற்றியமைக்க வழி தரும் ரா கோப்பே, மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் நிற்கிறது.

ஒரு நடைமுறைச் செய்தி. ஒயிட் பேலன்ஸ் பார்க்கப் பலரும் மென்பொருளில் மணமகனின் வேட்டியைச் சொடுக்கி, இதுதான் வெள்ளை என்று காட்டுகிறார்கள். பட்டு வேட்டியின் வெண்மையில் இயல்பாகவே சந்தன நிறம் உண்டு. அதை வெள்ளையாக எடுத்துக்கொண்டால் படம் முழுவதும் நீலம் ஏறிவிடும். சடங்கு தொடங்குமுன் மேடையில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அதைச் சொடுக்கினால் போதும். சேமிப்புக்கும் திட்டமிட வேண்டும்: ஒரு ரா கோப்பு 25 எம்பி என்றால், ஒரு திருமணத்தின் 3,000 படங்கள் 75 ஜிபி ஆகும். இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வைப்பேன்.

நான் சொன்ன அந்தத் தாயார் சில ஆண்டுகள் கழித்து இளைய மகளின் திருமணத்துக்கும் என்னையே அழைத்தார். இம்முறை ராவில் எடுத்தேன். ஸ்டுடியோவில் அவரை என் அருகில் உட்காரவைத்து, திரையில் மகளின் முகத்தைத் திறந்து, படத்தின் மஞ்சள், நீலச் சாயலை மாற்றும், கெல்வின் அலகில் அளக்கும் நிறவெப்பத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் கையைத் தொட்டு, "போதும், இதுதான் எங்க பொண்ணு" என்றார். 4,350 கெல்வின். அந்தக் கோப்பில் அவர் நிறுத்தச் சொன்ன எண் குறிப்பாக இன்றும் இருக்கிறது. அதன் அடியில், அந்த முகூர்த்தத்தில் சென்சார் அளந்த எண்கள் ஒன்றுகூட மாறாமல் இருக்கின்றன.

வணக்கம்.