மணி கேட்ட ஊருக்கு 116 புத்தகம் வந்த கதை

(திரையில்: ஒரு தேவாலயக் கோபுரம், மணி இல்லாமல்)

வணக்கம் நண்பர்களே! ஊருக்கே ஒருவர் பெயரை வைத்துவிட்டு, "கோபுரத்துக்கு ஒரு மணி வாங்கித் தாருங்கள்" என்று அவரிடமே கேட்கிறீர்கள். அவரோ, "மணி எதற்கு? புத்தகம் தருகிறேன்" என்கிறார். எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிஜமாகவே நடந்தது இது. 1778-இல் தனி ஊரானபோது, அமெரிக்க அரசியல் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் மீதிருந்த மரியாதையில் 'பிராங்க்ளின்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பின்னணி அவ்வளவுதான்.

(திரையில்: மைபட்ட பழைய கடிதம்)

ஊரார் மணி கேட்டபோது பிராங்க்ளின் பாரிஸ் பக்கத்தில் இருந்தார். 1785 மார்ச்சில், இங்கிலாந்திலிருந்த நண்பர் ரிச்சர்ட் பிரைசுக்குக் கடிதம் எழுதி, 25 பவுண்டுக்கு நல்ல புத்தகங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கோபுரச் செலவை இப்போதைக்கு விடுங்கள், மணிக்குப் பதில் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊராருக்குச் சொல்லிவிட்டாராம். காரணம் ஒரே வரி: சத்தத்தைவிட அறிவு மேல். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் (sense, sound) மோனையோடு வரும். நானும் தமிழில் முயன்று பார்த்தேன்: 'ஓசையைவிட யோசனை மேல்.' சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கிறது இல்லையா? எனக்கு இந்த வரியை விட்டு நகரவே மனம் வரவில்லை!

சரி, 116 புத்தகங்கள் வந்து சேர்ந்தன. யார் எடுக்கலாம் என்று இழுபறி. 1790-இல் ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது: ஊரில் குடியிருக்கும் எவரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இதே பிராங்க்ளின் 1731-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நூலகத்தில் சேரவே 40 ஷில்லிங் கட்ட வேண்டும்!

(வரிப்பணத்தில் நடந்த முதல் இலவச நூலகம் என்ற பெருமை 1833-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ ஊருக்குப் போனது. அதற்குத் தனி வீடியோவே போடலாம்.)

1796-இல் இந்த ஊரில் பிறந்த ஹொரேஸ் மான் என்ற பையன் அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தான். எல்லாம் பழைய வரலாறும் சமயமும், ஊர்ப் பெரியவர்களின் ருசிக்கு ஏற்றவை என்று பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. 1837-இல் மாநிலக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளரானதும், பள்ளிகளுக்கு நூலகம் வேண்டும் என்று பாடுபட்டார். குழந்தைகளுக்கு ஏற்ற புத்தகம் கிடைக்காத ஏக்கம் அவருக்குத் தெரியும்தானே!

(திரையில்: கண்ணாடிப் பெட்டிக்குள் தோல் அட்டைப் புத்தகங்கள்)

1904-இல் திறந்த கட்டடத்தில் அந்த நூலகம் இன்றும் நடக்கிறது. பிராங்க்ளின் அனுப்பிய புத்தகங்களை அங்கே இப்போதும் பார்க்கலாம்.

உங்கள் ஊர் நூலகத்தில் நீங்கள் முதலில் எடுத்த புத்தகம் எது? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.