டெரகோட்டாவா, செங்கல் சிவப்பா?

(காட்சி: இரண்டு ஷேட் கார்டுகள் அருகருகே)

வணக்கம். சுவர் பெயின்டில் இந்த இரண்டு நிறங்களில் எதை எடுப்பது? இடது பக்கம் டெரகோட்டா, வலது பக்கம் செங்கல் சிவப்பு. கடை டியூப் லைட்டில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மண்ணில் இருக்கும் இரும்பு சூளையில் வெந்து சிவப்பதால் வருகிற நிறம்தான் இரண்டும். ஒன்று பானை, இன்னொன்று செங்கல். ஆனால் டெரகோட்டாவில் ஆரஞ்சு தூக்கல். செங்கல் சிவப்பில் பழுப்பு கலந்திருப்பதால் கொஞ்சம் அடங்கித் தெரியும்.

(காட்சி: மேற்குப் பார்த்த ஜன்னல், மாலை)

இது சேலம் அம்மாபேட்டையில் என் அக்கா வீட்டு ஹால். போன சித்திரையில் கார்டை மட்டும் நம்பி, ஒரு சுவர் முழுக்க டெரகோட்டா அடித்தோம். காலையில் அவ்வளவு அழகு! சாயங்காலம் 5 மணிக்கு வெயில் நேராக விழுந்ததும் சுவர் அடுப்புத் தணல் மாதிரி ஆகிவிட்டது. எதிர்ச்சுவரின் வெள்ளைகூட ஆரஞ்சாகத் தெரிந்தது. சாயங்கால வெயிலிலேயே மஞ்சளும் சிவப்பும் அதிகம். அது ஆரஞ்சை இன்னும் ஏற்றிவிடுகிறது. ஏற்கெனவே சேலத்து வெயில், அதில் இப்படி ஒரு சுவர் என்றால் யாருக்கு உட்காரத் தோன்றும்? இப்போது அங்கே செங்கல் சிவப்பு இருக்கிறது. கீழே உள்ள பழைய ரெட் ஆக்சைடு தரையோடும் அது ஒட்டிப் போகிறது.

(காட்சி: ஏற்காடு, மூடுபனி)

சரி, அதே டப்பாவைச் சேர்வராயன் மலைக்கு ஏற்றினால்? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனி இறங்கிய நாளில் ஜன்னல் வழியே வருவது நீலம் கலந்த சாம்பல் வெளிச்சம். அதில் செங்கல் சிவப்பு களையிழந்து வெறும் பழுப்பாகத் தெரியும். டெரகோட்டாவில் உள்ள ஆரஞ்சுதான் அந்த அறைக்குச் சூடு கொடுக்கும். மலை வீட்டுக்கு நான் தயங்காமல் டெரகோட்டாதான் சொல்வேன்.

இரவில் பல்பும் நிறத்தை மாற்றும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவுதான் கெல்வின்; 6500 கெல்வின் வெள்ளை பல்பில் இரண்டுமே மங்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் பொருந்தும்.

(காட்சி: பெயின்ட் அடித்த அட்டை, சுவரில் சாய்த்தபடி)

சுவரில் அடிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க, கெட்டி அட்டை ஒன்றில் பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். எமல்ஷன் பெயின்ட் காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் அட்டையைத் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். பிடித்துவிட்டால், முழுச் சுவருக்கும் வேண்டிய பெயின்டை ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் ஷேட் லேசாக மாறலாம்.