பேசாமல் நிற்கிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாடகத்தைப் படிப்பது நல்லதா, பார்ப்பது நல்லதா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். 30 வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்பதால், நான் புத்தகத்தின் பக்கம்தான் நிற்பேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே கூத்து தெரியும்.

அந்தியூர்ப் பக்கம் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர். நோம்பி சாட்டினால், கோயில் திருவிழா அறிவித்தால், கூத்து உண்டு. பொழுதோடவே சாக்கும் போர்வையும் எடுத்துப்போய் இடம் போட்டுவிடுவோம். ராத்திரி 10 மணிக்கு மேல் தொடங்கினால் கோழி கூப்பிடுகிற வரைக்கும் நடக்கும். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் சிரிக்க வைக்கிற மட்டும் நான் முழித்திருப்பேன். அப்புறம் அமுச்சியின் மடிதான். ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் என்னை உலுக்கி எழுப்புவார்: "எந்திரி கண்ணு, பொன்னுருவி வந்துட்டா."

கர்ண மோட்சக் கூத்து அது. விடிந்தால் போருக்குப் போக வேண்டிய கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். பிறப்பு தெரியாதவன் என்று அவனை வெறுப்பவள் பொன்னுருவி. வியாசரின் பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது. நம் கூத்துக்காரர்கள் வைத்துக் காப்பாற்றியது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, கர்ண மோட்சத்தை ஒரு பழைய அச்சுப் புத்தகத்தில் படித்தேன். சப்பென்று இருந்தது. சொன்னதையே சொல்கிறது. ஒருவர் தன் வருகையைத் தானே பாடுகிறார், யாரென்று கட்டியக்காரன் கேட்கிறான், பாடியதையே மறுபடி வசனமாகச் சொல்கிறார். நாலு பக்கத்தை ஒன்றாகப் புரட்டினேன். அந்த நாலு பக்கம் களத்தில் என்னவாக இருந்தது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். அதில் பதித்த கண்ணாடிச் சில்லு வெளிச்சத்தில் மின்னும். அடவு வைக்க வைக்க நுனி ஆடும், கீழே சலங்கை கேட்கும். ஆள் இன்னும் வரவில்லை. அதற்குள் தூங்கின பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும். பின்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடினால்தான் வேஷக்காரருக்கு மூச்சு வாங்க நேரம். டீ குடிக்கப் போனவருக்கும் கதை விட்டுப்போகாது.

சரி, பொன்னுருவிக்கு வருகிறேன். புத்தகத்தில் கர்ணன் பக்கம் பக்கமாகப் பாடுகிறான். அந்த நேரத்தில் பொன்னுருவி எங்கே? அச்சில் அவள் இல்லை. அடுத்த வரி அவளுடையதாக வரும்போதுதான், ஓ, இவள் இங்கேதான் இருந்தாளா என்று நமக்கு ஞாபகம் வரும். கூத்தில் அப்படி அவளை மறக்க முடியாது. களத்தில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதுவரைக்கும் அது சிம்மாசனம். அந்தக் காட்சியில் அவள் வீட்டுக் கதவு. பெண் வேஷம் கட்டியவர் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கர்ணன் இந்தப் பக்கம். அவன் பாடி முடிக்கிற வரைக்கும் அந்த முதுகு அசையவில்லை. பிறகு, தான் குந்தியின் மகன் என்று அவன் சொன்னதும் முந்தானையைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்ல இறங்கியது. பக்கத்தில் அமுச்சி மூக்கைச் சிந்தினார். மூன்று தலைமுறைக்குப் பாரதம் சொன்னவர். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

நாடகத்தைப் படிக்கும்போது பேசுகிறவர் மட்டுமே உயிரோடு இருக்கிறார். நம் ஊர் கூத்துக்கு மட்டும் வந்த குறை இல்லை இது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நம்மிடம் ‘அமலாதித்யன்’ ஆக்கிக் கொடுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். மூலத்தில் இளவரசன் ஹாம்லெட் அரசவைக்கு முதன்முதலாக வரும் காட்சியில், 60 வரிக்கு மேல் ஓடிய பிறகுதான் வாய் திறக்கிறான். அதுவரை, அவன் அம்மாவை மணந்து அரசனாகிவிட்ட சித்தப்பன் பேசுகிறான், புதுக் கல்யாணக் களை, தூதர்களை அனுப்புகிறான். படிக்கிறவர் அவன் பின்னாலேயே போய்விடுவார். மேடையில் அத்தனை பேர் நடுவே ஒருவன் மட்டும் அப்பா இறந்த துக்கத்துக் கறுப்பு உடையில் நிற்கிறான். யார் பேசினாலும் கண் அங்கேதான் போகும். ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தார். அவருடைய 36 நாடகங்களைத் திரட்டிய பெரும் பதிப்பு 1623இல்தான் வந்தது. அவற்றில் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. தன் நாடகங்களை அச்சில் பார்க்க அந்த மனிதர் அப்படியொன்றும் அவசரப்படவில்லை.

அதற்காகப் புத்தகத்தைக் கீழே வைக்கச் சொல்கிறேனா? இல்லை. மனோன்மணீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்ததுதான். படிப்பதற்கான நாடகம் என்று சொல்வார்கள், சரிதான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அதில் ஒரு பகுதியைப் போட்டோம். குடிலனாக வந்த பையன் மீசையை முறுக்கி, இடுப்பில் கை வைத்து ‘ஹா ஹா’ என்று சிரித்தான். கைதட்டல் அள்ளியது. எனக்கோ தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குடிலன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. மன்னன் சீவகனுக்குக் காதில் தேன் ஊற்றுகிற மந்திரி. தனியாக உட்கார்ந்து படித்தால், கொஞ்ச நேரம் நாமே அவனை நம்பிவிடுவோம். பொய் எந்த வரியில் நுழைந்தது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டும். மேடையில் திரும்பிப் போக வழியில்லை. நடிகர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் குடிலன் கெட்டான்.

ஆனால் அதே விழாவில் கடைசிக் காட்சி. பாதாளச் சுரங்கம் வழியாகச் சேரன் புருடோத்தமன் வந்து நிற்கிறான். மன்னன் மகள் மனோன்மணி கனவில் கண்டவன். வேறொருவனுக்கு மாலையிட நின்ற அவள் நேரே போய் அவனுக்குப் போடுகிறாள். அந்த நேரம் பார்த்து மைக் செத்தது. அந்தச் சின்னப் பெண் பதறவில்லை. மாலையோடு மெதுவாக மேடையைக் கடந்து போனாள். நான் வருஷா வருஷம் பாடம் எடுத்த இடம்தான். அத்தனை தூரம் அவள் தனியாக நடக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பழைய கர்ண மோட்சப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் பேத்தி அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பொன்னுருவி பக்கத்தில், கர்ணன் பாட்டுக்கு ஓரமாக, நான் எப்போதோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். "இது என்னங்க அமுச்சி, ‘பெஞ்சு’ன்னு எழுதியிருக்குது?" என்றாள். மாசியில் கூத்து வைத்தால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.